பூ வயல் ஓவியங்களைப் பார்ப்பதும் வரைவதும்: வான்கோ, மோனே, கோஸ்டர் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

நெதர்லாந்தின் பூ வயல்களை வரைந்த ஓவியத்தைப் பார்த்ததும் கண் நேராக வண்ணத்தில் போய் விழும். சிவப்பு ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை, ஊதா ஒரு பட்டை. ‘ரொம்ப அழகு’ என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். காலண்டரில் அச்சடித்த வயலுக்கும், ஓர் ஓவியர் குளிர்காற்றில் நின்று வரைந்த வயலுக்கும் என்ன வித்தியாசம் என்பது பிடிபடாமலே போய்விடும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றிக்கொள்வோம். முதலில் மண், அப்புறம் பருவம், வானம், கோடுகள், வேலை செய்யும் ஆள். வண்ணம் கடைசியில். பூ வயல் ஓவியத்தில் வண்ணத்தைக் கடைசியாகப் பார்ப்பவருக்குத்தான் அது முழுசாகக் கிடைக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை. வரைய ஆசைப்படுபவர்களுக்கும் இதே வரிசைதான்.

படி 1: ஓர் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாகத் திறந்து வையுங்கள்

பத்துப் படங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றோடு அரை மணி நேரம் இருப்பது நல்லது. நான் பரிந்துரைப்பது வின்சென்ட் வான்கோ வரைந்த ‘ஹாலந்தின் மலர்ப் பாத்திகள்’. காலம் ஏறக்குறைய 1883. இப்போது வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் பெரிய அளவுப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. ஓவியத்தின் உண்மையான அளவு சுமார் 49 செ.மீ. உயரம், 66 செ.மீ. அகலம். ஒரு சாதாரணக் கணினித் திரையைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

வான்கோ என்றதும் சூரியகாந்தியும் சுழலும் நட்சத்திரங்களும் நினைவுக்கு வரும். அவற்றைத் தள்ளி வையுங்கள். இது, சூரியகாந்திகளை வரைந்த பிரான்சின் ஆர்ல் நகருக்கு அவர் போவதற்கு 5 ஆண்டுகள் முன்பு வரைந்தது. அப்போது அவர் ஹேக் நகரில் இருந்தார், வயது 30. எண்ணெய் வண்ணத்தை அவர் தீவிரமாகக் கையில் எடுத்ததே 1882 கோடையில்தான். ஆக, அந்த வண்ணத்தோடு அவர் கண்ட முதல் வசந்தத்தின் படமாகத்தான் இதைப் பார்க்க வேண்டும். இந்தத் தகவல் பின்னால் உதவும்.

படி 2: மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஹார்லெமுக்கும் லைடனுக்கும் நடுவே, கடலோர மணல்மேடுகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட நிலத்துண்டு இருக்கிறது. ஹில்லெகோம், லிஸ்ஸே, சாசன்ஹெய்ம் எல்லாம் அங்கேதான். பூங்கிழங்கு விவசாயத்தின் பழைய தாயகம் அது. துலிப், ஹயசிந்த், டாஃபோடில் எல்லாமே விதையைத் தூவி வளர்க்கிற பூக்கள் இல்லை. வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான கிழங்கை மண்ணில் புதைத்து வளர்ப்பவை. விவசாயி விற்பதும் கிழங்கைத்தான். பூ வழியில் வந்து போகும் ஒரு கட்டம், அவ்வளவே.

அந்த நிலம் ஒரு காலத்தில் மேடும் பள்ளமுமான பழைய மணல்திட்டு. நூற்றாண்டுக் கணக்கில் அந்த மணலை வெட்டிப் படகில் ஏற்றி, விரிந்துகொண்டிருந்த நகரங்களுக்குக் கொண்டுபோனார்கள். படகு வருவதற்காகவே நேர்கோட்டில் வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டி முடித்தபோது மிஞ்சியது சுண்ணாம்புச் சத்துள்ள, சமதளமான மணல்நிலம். நிலத்தடி நீரைச் சுமார் 60 செ.மீ. ஆழத்திலேயே நிறுத்திவைக்க வாய்க்கால்கள் உதவின. கிழங்குக்கு ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக வாய்த்த மண் அது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? ஓவியத்தில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு நேர்கோட்டுக்கும் காரணம் இந்த மண்ணில் இருக்கிறது. சமதளத்துக்குக் காரணம் மணல் வெட்டியது. வாய்க்காலின் நேருக்குக் காரணம் படகு. ஒரு வண்ணம் முடிந்து அடுத்தது கத்தியால் நறுக்கியதுபோலத் தொடங்குவதற்குக் காரணம், விவசாயி ஒவ்வொரு ரகத்தையும் கலக்காமல் தனித்தனியாகப் பயிரிட்டு ரகத்தின் பெயரிலேயே விற்பது. கலந்துபோன கிழங்குக்குச் சந்தையில் மதிப்பில்லை. அலங்காரத்துக்காக யாரும் அந்தப் பட்டைகளைப் போடவில்லை.

இன்னொரு கேள்வியும் இங்கே எழும். நெதர்லாந்து ஓவியத்தின் பொற்காலம் 17ஆம் நூற்றாண்டு. துலிப் வியாபாரம் வெறியாகி 1637 பிப்ரவரியில் சரிந்ததும் அதே நூற்றாண்டு. அப்படியிருக்க, அந்தக் கால நிலக்காட்சி ஓவியங்களில் பூ வயலே ஏன் இல்லை? 1593இல் தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ் லைடன் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்றுத் துலிப்பை அங்கே வளர்த்த காலத்திலிருந்து வெகுநாள்வரை அது தோட்டச் செடியாகவே இருந்தது. சுவருக்குள் வளர்ந்தது, குவளையில் வைத்து வரையப்பட்டது. அடிவானம் வரை நீளும் வயல்கள் 19ஆம் நூற்றாண்டின் காட்சி. எனவே அவற்றை வரைந்த ஓவியர்கள் அன்றைக்குப் புத்தம் புதிய ஒரு நிலத்தைத்தான் வரைந்தார்கள்.

படி 3: எந்த மாதம் என்று கண்டுபிடியுங்கள்

வான்கோவின் படத்தில் வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் மரங்களைப் பாருங்கள். இலை இல்லை. வெறும் கிளைகள். அப்புறம் நீலப் பாத்தியைப் பாருங்கள். துலிப்பில் உண்மையான நீலம் கிடையாது, இன்றுவரை யாராலும் கொண்டுவர முடியவில்லை. பாத்தி முழுக்க நீலம் என்றால் பெரும்பாலும் அது ஹயசிந்த்தான். ஹயசிந்த் அந்த நாட்டில் ஏப்ரல் வாக்கில் பூக்கும். மொட்டை மரமும் நீலப் பூவும் சேர்ந்து ஒரே சாட்சி சொல்கின்றன: இது வசந்தத்தின் தொடக்கம், துலிப் இன்னும் முழுசாக வரவில்லை.

எந்தப் பூ வயல் படத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். மார்ச்சில் குரோக்கஸ், தொடர்ந்து டாஃபோடில், ஏப்ரல் நடுவில் ஹயசிந்த், ஏப்ரல் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை துலிப். மரம் தளிர்த்திருக்கிறதா, புல் எவ்வளவு பச்சை, நிழல் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். மரம் அடர்ந்த இலையோடு நிற்க, பக்கத்தில் ஹயசிந்த் பூத்துக் குலுங்கினால் அந்த ஓவியர் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்தார் என்று சந்தேகப்படலாம்.

படி 4: வானத்துக்கு எவ்வளவு இடம் என்று அளந்து பாருங்கள்

ஒரு விரலை அடிவானத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வான்கோவின் படத்தில் அது மேலே இருக்கிறது. வானம் ஒரு பட்டைதான், நிலம்தான் படத்தின் பெரும்பகுதி. அவர் தலையைக் குனிந்து தரையைப் பார்க்கிறார்.

இதற்கு நேர் எதிரான படம் ஒன்றைப் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள்: யாக்கோப் வான் ராய்ஸ்டால் 1670களில் வரைந்த ‘வெளுக்கும் மைதானங்களோடு ஹார்லெம் காட்சி’. ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே வானம் மூன்றில் இரண்டு பங்கு. கீழே, ஹார்லெமுக்கு வெளியே உள்ள சமவெளியில், நீள நீளமான வெள்ளைப் பட்டைகள் கிடக்கும். அவை வெயிலில் வெளுக்கப் போட்ட லினன் துணிகள்.

இந்தப் படம் எனக்கு மிகவும் பிடித்த காரணம் அந்தத் துணிகள்தான். பூ வயல் ஓவியத்தின் பாட்டி என்று இதைச் சொல்வேன். அதே வட்டாரம், அதே மணல்மேட்டு ஓரம், தரையில் படுத்துக் கிடக்கும் அதே நீளப் பட்டைகள். தட்டையான நிலத்தில் ஒரு பட்டையைத் தரையோடு தரையாகக் கிடக்க வைப்பது எப்படி என்ற கணக்கை, பூ வயல் வருவதற்கு 200 ஆண்டுகள் முன்பே ராய்ஸ்டால் துணியை வைத்துப் போட்டுவிட்டார். மேகத்தின் நிழல் நிலத்தில் விழுந்து சில பட்டைகள் மட்டும் பளிச்சென்று இருப்பதைக் கவனியுங்கள். நிலத்தில் எது தெரிய வேண்டும் என்பதை அங்கே வானம் முடிவு செய்கிறது.

படி 5: கோடுகள் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பூ வயல் ஓவியம் நன்றாக வருவதும் கெடுவதும் இங்கேதான்.

வயலை இரண்டு விதமாகப் பார்க்கலாம். பாத்திகள் நம்மிடமிருந்து விலகி அடிவானத்தை நோக்கி ஓடலாம், அப்போது எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளியில் கூடும். கண் வேகமாக உள்ளே இழுபடும். இல்லையென்றால் பாத்திகள் நமக்குக் குறுக்கே கிடக்கலாம். அப்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோலத் தெரியும், தூரம் போகப் போக நூலாக மெலியும். முதல் விதத்தில் வேகம் அதிகம், ஆனால் சீக்கிரம் சலித்துவிடும். இரண்டாவதில் அமைதி இருக்கும், ஆனால் பட்டைகள் சுவரில் மாட்டிய கொடிபோல எழுந்து நின்றுவிடும் ஆபத்து உண்டு.

அந்த ஆபத்தைத் தடுப்பது ஒரு சின்ன உண்மை. பொதுவாக நிலக்காட்சியில் தூரம் போகப் போக வண்ணம் மங்கும் என்று சொல்லித் தருவார்கள். பூ வயலில் ஓரளவு தூரம் வரை நடப்பது இதற்கு நேர்மாறு. காலடியில் இருக்கும் பாத்தியைக் குனிந்து பார்த்தால் பூவுக்கு நடுவே இலை தெரியும், தண்டு தெரியும், செடிகளுக்கு இடையில் வெளிறிய மணல் தெரியும். பூவின் நிறம் பாதிதான். 30 மீட்டர் தள்ளிப் பார்த்தால் பார்வை சாய்வாகப் போகும், பூக்களின் தலை மட்டுமே தெரியும். இலையும் மண்ணும் மறைந்துபோய் நிறம் கெட்டியாகிவிடும். இன்னும் வெகுதூரம் போனால்தான் காற்றின் ஈரம் அதை வெளிறச் செய்யும்.

ஆக, கிட்டே உடைந்த நிறம், நடுவில் கெட்டி நிறம், தூரத்தில் வெளிறிய நிறம். இந்த மூன்றும் இருக்கிற ஓவியத்தில் வயல் தரையில் படுக்கும். எல்லா இடத்திலும் ஒரே கெட்டி நிறம் பூசிய படங்களில் அது படுக்காது. காலண்டர் படத்தை அடையாளம் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

படி 6: ஆளைத் தேடுங்கள்

வான்கோவின் படத்தில் பாத்திகளுக்கு நடுவே சின்னதாக ஒரு மனித உருவம் இருக்கிறது. முதல் பார்வையில் தப்பிவிடும். பின்னால் கூரை வேய்ந்த வீடுகள், கருத்த நிறத்தில், பூக்களோடு எந்தப் போட்டியும் இல்லாமல் நிற்கின்றன. இவை இரண்டும் சேர்ந்து இடத்தை மாற்றிவிடுகின்றன. பூங்காவில் நிற்கவில்லை, யாரோ ஒருவருடைய பிழைப்பின் நடுவே நிற்கிறோம் என்று புரிகிறது.

அந்தப் பிழைப்பு கடினமானது. கிழங்கை இலையுதிர்காலத்தில் நட்டு, குளிருக்கு வைக்கோல் போர்த்தி, வசந்தத்தில் களை எடுத்து, பூத்த பாத்திகளுக்குள் நடந்து ரகம் மாறிய செடியைப் பிடுங்கி எறிந்து, கோடையில் கிழங்கைத் தோண்டி எடுத்து, காற்றோட்டமான கொட்டகையில் உலர்த்த வேண்டும். பாத்தியின் அகலமே, இருபுறமும் இருந்து ஒருவர் கை எட்டும் அளவுக்குத்தான்.

பூவுக்கு என்ன ஆகும் தெரியுமா? ரகம் சரிதானா என்று பார்த்ததும் வெட்டிவிடுவார்கள். விதை பிடிக்க விட்டால் சத்து அதற்குப் போய்விடும், கிழங்கு பெருக்காது. உதிர்ந்த இதழ் இலையிடுக்கில் தங்கினால் பூஞ்சை நோயும் வரும். ஓவியர்களுக்கு இதனால் எவ்வளவு அவசரம் என்று யோசித்துப் பாருங்கள். இன்று பார்த்த சிவப்புப் பட்டை நாளை பச்சையாக இருக்கலாம்.

படி 7: இப்போது வண்ணத்தைப் பாருங்கள்

இத்தனை நேரம் காத்திருந்ததற்குப் பலன் இங்கே கிடைக்கும். வான்கோவின் நீலத்தையும் மஞ்சளையும் இளஞ்சிவப்பையும் பாருங்கள். அப்புறம் அவற்றை ஒரு கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் பாருங்கள். பழுப்பு, சாம்பல், சேற்றுப் பச்சை, மங்கிய வானம். ஹேக் நகர ஓவியர்களின் சாம்பல் உலகம் அது. அன்டோன் மாவ் உட்பட அந்தக் குழுவினர் ஈரக் காற்றையும் மேகமூட்டத்தையும் வரைவதில் பெயர் பெற்றவர்கள். மாவ் வான்கோவின் உறவினர், சிறிது காலம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

கையை எடுங்கள். பூக்கள் எவ்வளவு பிரகாசமாக எரிகின்றன! அந்தப் பிரகாசம் டியூபில் இருந்து வந்ததைவிடச் சுற்றியிருக்கும் சாம்பலில் இருந்து வந்ததுதான் அதிகம். அந்த ஓவியர்களிடம் கற்ற சாம்பலைத் தூக்கி எறியாமல், அதற்கு நடுவே பூவை வைத்தார் அந்த இளைஞர்.

படி 8: மற்றவர்களோடு ஒப்பிடுங்கள்

1886இல் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் கிளாட் மோனே நெதர்லாந்துக்கு வந்து, குறைந்த நாட்களில் 5 பூ வயல் ஓவியங்களைத் தொடங்கினார். ஒன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, காற்றாலையோடு. சாசன்ஹெய்ம் வயலை வரைந்தது அமெரிக்காவின் கிளார்க் கலை நிறுவனத்தில், இன்னொன்று ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்தில். வெளியிலிருந்து வந்தவரின் ஆச்சரியம் அந்தப் படங்களில் அப்படியே இருக்கிறது. நண்பர் தியோடோர் துய்ரேவுக்கு எழுதியபோது, இந்த வயல்கள் அற்புதம், ஆனால் பாவப்பட்ட ஓவியனைப் பைத்தியமாக்கிவிடும், நம்மிடம் இருக்கும் ஏழை வண்ணங்களால் இதைக் கொண்டுவர முடியாது என்ற பொருளில் அவர் எழுதினார். மோனே சொல்கிறார் என்றால் அந்த வயலின் சவால் எத்தகையது என்று புரிந்துகொள்ளலாம். அவர் கண்ட வழி, பாத்தியைத் தனித்தனித் தீற்றல்களாக உடைப்பது. ஒவ்வொரு பட்டையும் காற்றில் அசைவதுபோல இருக்கும். கோடு கொஞ்சம் கலையும், ஒளி பிழைக்கும்.

ஜார்ஜ் ஹிட்ச்காக் அமெரிக்கர், எக்மாண்டில் குடியேறி நெதர்லாந்தின் பூக்களையும் உள்ளூர் உடையணிந்த பெண்களையும் வரைந்தவர். 1887இல் பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனில் அவருடைய துலிப் ஓவியம் பேசப்பட்டது. என் கண்ணுக்கு அவர் படங்களில் வயல் கொஞ்சம் மேடை அலங்காரமாகிவிடுகிறது.

அன்டோன் கோஸ்டர் கதை வேறு. 1859இல் டெர்னெய்சனில் பிறந்து 1937இல் ஹார்லெமில் இறந்தவர். ‘பூ வயல் ஓவியர்’ என்றே பெயர் வாங்கும் அளவுக்கு மறுபடி மறுபடி அதே நிலத்தை வரைந்தார். உலகப் புகழில் வான்கோவுக்கோ மோனேவுக்கோ பக்கத்தில்கூட வரமாட்டார். ஆனால் பூ வயலுக்காகவே ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் நான் இவரைத்தான் காட்டுவேன். மற்ற இருவரும் அந்த வயலை வரைந்துவிட்டு வேறிடம் போனார்கள். கோஸ்டர் அங்கேயே இருந்தார். பயிரை மாற்றி மாற்றி நடுவதால் ஒரே வயல் அடுத்த வசந்தத்தில் வேறு வண்ணத்தில் வரும். இது பக்கத்தில் வாழ்பவருக்குத் தெரியும். வழிப்போக்கருக்குத் தெரியாது.

படி 9: நேரில் போக வாய்ப்பிருந்தால்

ஏப்ரல் மூன்றாம் வாரம் நல்ல நேரம், ஹயசிந்த்தின் கடைசியும் துலிப்பின் தொடக்கமும் கிடைக்கலாம். லைடன்–ஹார்லெம் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலே வயல்கள் தெரியும். லிஸ்ஸேயில் ‘கறுப்புத் துலிப்’ என்ற பெயரில் இந்த விவசாயத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. க்யூகென்ஹாஃப் பூங்கா அழகானதுதான், ஆனால் அது பூங்கா. வயலைப் பார்க்க சைக்கிள் எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். படம் எடுப்பதற்காகப் பாத்திக்குள் இறங்கவே இறங்காதீர்கள், செடி மிதிபடும், செருப்பில் ஒட்டிய மண்ணோடு நோய் பரவும்.

படி 10: நீங்களே ஒன்று வரையுங்கள்

போஸ்டர் கலர் போதும். A4 அளவுத் தாள், ஒரு தட்டை பிரஷ், ஒரு மெல்லிய பிரஷ். வெள்ளைத் தாளில் தொடங்க வேண்டாம், வெளிறிய சாம்பல்–பழுப்பு நிறத்தைத் தாள் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். மணலின் நிறம் அது, கடைசிவரை ஆங்காங்கே எட்டிப்பார்க்கட்டும்.

அடிவானத்தை நடுவில் போடாதீர்கள். மேலே கொண்டுபோங்கள், இல்லையென்றால் கீழே. வானத்தை முதலில் முடியுங்கள், நீலத்தில் கொஞ்சம் பழுப்பும் வெள்ளையும் கலந்து அடக்கமாக. தொலைவில் உள்ள மரவரிசை, கூரை, வேலி எல்லாம் சாம்பல் கலந்த நிறத்தில் ஒரே வீச்சில் வரட்டும்.

அப்புறம் பட்டைகள், தூரத்திலிருந்து கிட்டே. மிகத் தூரத்தில் ஒரு நூல் அகலம், வெள்ளை கலந்து. நடுப்பகுதியில் தட்டை பிரஷால் ஒரே இழுப்பு, கலப்பில்லாத நிறம், திரும்ப மேலே தொடவே கூடாது. கிட்டே வந்ததும் முறையை மாற்றுங்கள்: முதலில் நீலம் கலந்த பச்சையில் செங்குத்தான இலைகள், காய்ந்தபின் அதன் மேல் பூக்கள், புள்ளி புள்ளியாக, இடைவெளி விட்டு. இளஞ்சிவப்புக்குச் சிவப்பில் வெள்ளையை மட்டும் கொட்டினால் சுண்ணாம்புபோல் ஆகிவிடும். கிரிம்சனை எடுத்து, வெள்ளையோடு மஞ்சளை ஒரு துளி சேர்த்துப் பாருங்கள், உயிர் வரும். வாய்க்கால் இருந்தால் அதற்கு வானத்தின் நிறத்தையே, ஒரு படி கருமையாக்கிப் போடுங்கள்.

முடித்ததும் போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மஞ்சள் வெளிச்சமாகவும், இளஞ்சிவப்பு நடுத்தரமாகவும், நீலம் அடர்த்தியாகவும் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறங்கள் வெறும் சத்தம்தான் போடுகின்றன என்று அர்த்தம், நீலத்தை இன்னும் ஆழமாக்குங்கள். ஒரு பட்டை எழுந்து நிற்கிறது என்று தோன்றினால் அதன் நிறத்தைத் தொடாதீர்கள், அதன் தூர விளிம்பைக் கொஞ்சம் மெலிதாக்கி, கிட்டத்து விளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் மணலைத் திறந்துவிடுங்கள்.